சைட்டேஷன் எண்ணிக்கையை வைத்து ஒரு உயிரியல் ஆராய்ச்சியாளரை எடைபோடலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: தங்கை எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டாள், பிஎச்.டி. சேர இரண்டு பேர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒருவருடைய பக்கத்தில் 14,000 சைட்டேஷன் (அதாவது மற்ற ஆய்வுக் கட்டுரைகள், பேப்பர்கள், அவருடையவற்றை அத்தனை தடவை குறிப்பிட்டிருக்கின்றன), இன்னொருவருக்கு 1,900 தான், அப்படியென்றால் முதல் ஆள் ஏழு மடங்கு பெரிய விஞ்ஞானி என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த எண் சும்மா என்றும் சொல்ல மாட்டேன். அது எதையோ அளக்கிறது, எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் உதவும். அதைப் புரியவைக்க ஒரே ஒரு மனிதரின் கதை போதும். உலகத்திலேயே அதிக சைட்டேஷன் வாங்கிய பேப்பரை எழுதியவர் ஒரு உயிர்வேதியியலாளர்தான், உங்கள் தங்கைக்கு அவர் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர் பெயரைச் சொல்லாமல் நம் ஊரில் யாரும் பி.எஸ்சி. பிராக்டிகல் முடித்ததில்லை. லௌரி. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் "லௌரி மெத்தட்" லௌரி.

நான் முதன்முதலில் லௌரி மெத்தட் செய்தது ஞாபகம் இருக்கிறது. மாட்டு சீரம் அல்புமின் என்ற புரதத்தின் கரைசலை ஐந்து டெஸ்ட் டியூபில் ஏறுவரிசையில் ஊற்றி, தண்ணீர் சேர்த்துச் சமப்படுத்தி, காரக் காப்பர் கரைசலைப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, அப்புறம் மஞ்சளாக இருக்கும் ஃபோலின் கரைசலை விட்டவுடனே குலுக்க வேண்டும். "உடனே" என்றால் உடனேதான். காரத்தில் விழுந்த ஃபோலின் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும், அதற்குள் புரதத்தோடு சேர்ந்தால்தான் நிறம் வரும். பக்கத்து மேஜைக்காரன் பேசிக்கொண்டே குலுக்கியதால் அவனுடைய கிராஃபில் நேர்கோட்டுக்குப் பதிலாகக் கொல்லிமலைச் சாலை வந்தது. அரை மணி நேரம் கழித்து நீல நிறம், கலரிமீட்டரில் 660-ல் ரீடிங், கிராஃப் ஷீட், ரெக்கார்ட் நோட், கையெழுத்து. லௌரி என்பவர் ஒரு மனிதர், அவருக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு.

ஆலிவர் லௌரி 1910-ல் சிகாகோவில் பிறந்தவர். ஆரம்பத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் பக்கம் போனவர், பிறகு உயிர்வேதியியலுக்குத் தாவி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி., எம்.டி. இரண்டையும் 1937-ல் முடித்தார். அங்கிருந்து ஹார்வர்டு. இடையில் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் என்பவரிடம் கொஞ்ச காலம். ஆமாம், அதே பீர் கார்ல்ஸ்பெர்க்தான், அந்த மதுபான ஆலை 19-ம் நூற்றாண்டிலேயே நடத்த ஆரம்பித்த ஆய்வகம் அது. லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கின் வித்தை என்னவென்றால், மற்றவர்கள் மில்லிலிட்டரில் செய்யும் வேதியியலை ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்கில் செய்து காட்டுவது. லௌரியின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு ஆசையைச் சுற்றித்தான் ஓடியது: இன்னும் சின்ன அளவில், இன்னும் துல்லியமாக.

1942-ல் நியூயார்க்கில் இருந்த பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கில் சோதிக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஊசி போட்டு இரத்தம் எடுத்தால் எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்? விரல் நுனியில் குத்தி வரும் சில சொட்டுகளில் வைட்டமின் சி, ரைபோஃப்ளேவின், அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அதற்கான முறைகளை அவரும் ஆட்டோ பெஸியும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1946-ல் வந்த அல்கலைன் பாஸ்படேஸ் முறைக்குத் தேவைப்பட்ட சீரம் 5 கன மில்லிமீட்டர், அதாவது 5 மைக்ரோலிட்டர். இன்றைக்கு மைக்ரோபிப்பெட் வைத்துக்கொண்டு அதை அலட்சியமாகச் செய்கிறோம், அவர்கள் கண்ணாடிக் குழாயை வளைத்துத் தாங்களே பிப்பெட் செய்துகொண்டு செய்தார்கள்.

அந்த நியூயார்க் காலத்தில்தான் புரதத்தை அளக்கும் முறையும் பிறந்தது. முழுக்கப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஃபோலின் கரைசலைப் புரதம் அளக்கப் பயன்படுத்தலாம் என்று சீன உயிர்வேதியியலாளர் வூ ஷியென் 1922-லேயே எழுதியிருந்தார். காரத்தில் காப்பர் புரதத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும் என்பதும் பழைய விஷயம், பையுரெட் சோதனை, பன்னிரண்டாம் வகுப்பிலேயே வரும். லௌரி குழு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது. காப்பரோடு பிணைந்த புரதம் ஃபோலினைத் தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாக நீலமாக்கும், புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலங்களும் அதில் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும். பையுரெட் சோதனையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நூறு மடங்கு உணர்திறன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கலரிமீட்டர் இருந்தால் போதும், எந்த ஊர்க் கல்லூரியிலும் செய்யலாம். இந்தக் கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முறை கையில் வந்தபிறகும் அவர் அதைப் பிரசுரிக்க அவசரப்படவில்லை. 1947-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவராகப் போய்விட்டார். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி அதே ஆண்டு நோபல் பரிசு வாங்கிய இடம் அது. அக்கம்பக்க ஆய்வகங்களில் எல்லாரும் லௌரியின் செய்முறையைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏர்ல் சதர்லாண்ட், பிற்பாடு ஹார்மோன்கள் செயல்படும் விதத்துக்காக 1971-ல் நோபல் வாங்கியவர். தன் பேப்பரில் "புரதத்தை இப்படி அளந்தேன்" என்று எழுதும்போது எந்தப் பேப்பரைக் காட்டுவது என்று தெரியாமல், தயவுசெய்து இதை எழுதி அனுப்புங்கள் என்று அவர்தான் லௌரியைத் தூண்டினார். ஆக, வரலாற்றிலேயே அதிகமாகச் சைட் செய்யப்பட்ட பேப்பர் எழுதப்பட்டதே ஒருவர் சைட் செய்ய வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1951-ல் ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரியில் வந்தது. 11 பக்கம், நான்கு ஆசிரியர்கள்: லௌரி, ரோஸ்ப்ரோ, ஃபார், ராண்டல். கடைசி மூன்று பேரையும் உலகம் "மற்றும் பிறர்" என்று சொல்லி முடித்துக்கொண்டது. நானே இந்தப் பதிலுக்காக ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் எழுதினேன்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். எந்தப் பேப்பரை யார் யார் சைட் செய்திருக்கிறார்கள் என்று யாருமே எண்ணாத காலம் ஒன்று இருந்தது. பிலடெல்பியாவில் யூஜின் கார்ஃபீல்ட் என்பவர், வக்கீல்கள் பழைய தீர்ப்புகளைப் பின்வந்த தீர்ப்புகள் வழியாகத் தேடப் பயன்படுத்தும் அட்டவணையைப் பார்த்து, அதே மாதிரி அறிவியல் பேப்பர்களுக்கும் செய்யலாம் என்று 1955-ல் யோசனை சொன்னார். 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் புத்தகமாக வந்தது. நோக்கம் மனிதர்களுக்கு மார்க் போடுவது இல்லை, பழைய பேப்பர் ஒன்றிலிருந்து அதைத் தொட்டு எழுதிய புதிய பேப்பர்களைக் கண்டுபிடிப்பதுதான். ஆனால் எண்ண ஆரம்பித்துவிட்டால் யார் முதல் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தார்கள். லௌரி முதலிடம். இரண்டாம் இடத்தில் இருந்தவர் கண்ணுக்கே தெரியாத தூரத்தில்.

அதற்கு லௌரி என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். 1969-ல் அறிவியல் வரலாற்றாசிரியர் டெரெக் பிரைஸுக்கு எழுதிய கடிதத்தில், மற்ற முறைகளைவிட இது ஏதோ கொஞ்சம் சுலபமாக, கொஞ்சம் நுட்பமாக அமைந்துவிட்டது, இந்தக் காலத்தில் எல்லாரும் புரதத்தை அளக்கிறார்கள், அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதினார். 1977-ல் மறுபடியும் கேட்டபோது, இது அப்படியொன்றும் பெரிய பேப்பர் இல்லை, எங்கள் ஆய்வகத்தின் வேறு பல பேப்பர்கள்தான் எனக்குத் திருப்தி தருபவை, ஆனாலும் இந்த வரவேற்பைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது என்றார். பெருமையும் இல்லை, பொய்யான அடக்கமும் இல்லை.

2014-ல் நேச்சர் பத்திரிகை அதுவரை வந்த எல்லாவற்றிலும் முதல் 100 பேப்பர்களைப் பட்டியல் போட்டது. லௌரியின் பேப்பர் 3,05,000-ஐத் தாண்டியிருந்தது. 63 ஆண்டுகளுக்குப் பங்கு போட்டால் ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 13 தடவை. இரண்டாவது இடத்தில் லெம்லி, 2,13,000. மூன்றாவது பிராட்ஃபோர்ட், 1,55,000. இந்த மூன்றையும் பார்த்த உடனே ஆய்வகத்தில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வரும். முதலாவது புரதத்தை அளக்கும் முறை. இரண்டாவது புரதத்தை ஜெல்லில் பிரிக்கும் முறை. மூன்றாவது மறுபடியும் புரதத்தை அளக்கும் முறை, லௌரியைவிடச் சீக்கிரமாக! லெம்லியின் 1970 பேப்பரின் தலைப்பே டி4 என்ற வைரஸின் தலை எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றியது. அதைச் சைட் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது உள்ளே இருந்த ஜெல் செய்முறை.

டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 பேப்பர் இந்த நூறில் இல்லை. உள்ளே நுழையவே 12,119 சைட்டேஷன் தேவைப்பட்டது. நேச்சர் அப்போது ஒரு கணக்குச் சொன்னது: பதிவான எல்லாப் பேப்பர்களின் முதல் பக்கத்தையும் அச்சடித்து அடுக்கினால் கிட்டத்தட்ட கிளிமஞ்சாரோ மலை உயரம் வரும், அதில் ஆயிரத்துக்கு மேல் சைட்டேஷன் வாங்கியவை உச்சியில் ஒன்றரை மீட்டர்தான், ஏறக்குறைய பாதி மலை ஒரே ஒரு தடவை சைட் செய்யப்பட்டவை அல்லது அதுவும் இல்லாதவை. ஆகவே உங்கள் இரண்டாவது கைடின் 1,900 பல பேப்பர்களின் கூட்டுத்தொகைதான் என்றாலும், அதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

சரி, லௌரி எந்தப் பேப்பர்களை நினைத்துத் திருப்திப்பட்டார்? மூளை. மூளையின் ஒரு தனி நரம்பு செல்லுக்குள் என்ன வேதியியல் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. உறைய வைத்து உலர்த்திய மூளைத் துண்டிலிருந்து நுண்ணோக்கியின் கீழே கையாலேயே ஒரு செல்லை வெட்டி எடுத்தார்கள். அதை எடைபோட வேண்டுமே, எந்தத் தராசில் போடுவது? மயிரைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றை ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையில் செல்லை வைத்து, இழை எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார்கள், தூண்டில் கழியில் மீன் தொங்குவதுபோல. பெயரே தூண்டில் தராசு என்றுதான் வைத்தார்கள். பிறகு அந்தச் செல்லில் உள்ள மிகச் சிறிய அளவை எப்படிக் காண்பது? இரண்டு நொதிகளுக்கு நடுவே ஒரு மூலக்கூறை ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பொருள் சேரும்படி செய்து, கடைசியில் சேர்ந்ததை அளந்தார்கள். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெருக்கி அளக்கும் யோசனை.

1964-ல் வந்த ஒரு பேப்பரில், இரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து எலியின் மூளையில் ஆற்றல் தரும் குளுக்கோஸ், கிளைக்கோஜன், ஏ.டி.பி., பாஸ்போகிரியேட்டின் எல்லாம் எந்த வரிசையில் எவ்வளவு வேகமாகக் காலியாகின்றன என்று காட்டினார்கள். குறித்த நொடிகளில் திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்து, உறைந்த அந்தக் கணத்தின் கணக்கை எடுத்தார்கள். பாஸ்போகிரியேட்டின் முதலில் போகும், ஏ.டி.பி. அதற்குப் பிறகு. வளர்ந்த எலியின் மூளை சீக்கிரம் தீர்ந்துவிடும், குட்டியின் மூளை மெதுவாகச் செலவழிக்கும். பக்கவாதம் பற்றிப் படிக்கிற யாரும் இன்றைக்கும் அந்த மண்ணில்தான் நிற்கிறார்கள். அந்தப் பேப்பரும் நிறையச் சைட் ஆனதுதான். ஆனால் அதைச் சைட் செய்யக்கூடியவர்கள் மூளை வளர்சிதை மாற்றம் படிப்பவர்கள் மட்டும். புரதம் அளப்பவர்கள் என்றால் பாக்டீரியாக்காரர், பயிர்க்காரர், ஈரல்காரர், மீன்காரர், பால் பண்ணைக்காரர் அத்தனை பேரும்.

ஒரு பேப்பர் எத்தனை சைட்டேஷன் வாங்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது, எத்தனை பேருக்கு அது வேலை செய்யும்போது தேவைப்படுகிறது என்பதுதான். அது ஆழத்தின் அளவு இல்லை, புழக்கத்தின் அளவு. ஊரில் அதிகமாக எல்லார் வாயிலும் வரும் பெயர் மளிகைக்கடைக்காரர் பெயராக இருக்கும், ஆனாலும் அவருக்கும் மரியாதை உண்டு, அவர் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. கலரிமீட்டர் போதும் என்று சொன்னேன் அல்லவா, பணமில்லாத கல்லூரிகளும் செய்ய முடிந்ததால்தான் எண்ணிக்கை இவ்வளவு ஏறியது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அது நம் ஊரிலேயே நடந்தது. 1963-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூன்று பேரும் ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜியில் 5 பக்கப் பேப்பர் ஒன்று எழுதினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்கள் இருக்கின்றன, அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் அந்தக் கோணங்கள் எந்தெந்த மதிப்பில் இருக்க முடியும் என்று கணக்குப் போட்டு ஒரு வரைபடம். அதுதான் ராமச்சந்திரன் ப்ளாட். புரத வங்கியில் இப்போது 2 லட்சத்துக்கும் மேல் கட்டமைப்புகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கொடுக்க வருபவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இந்த வரைபடத்தில் தன் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று காட்டியாக வேண்டும். பயன்பாட்டில் லௌரி முறைக்குச் சளைத்தது இல்லை. ஆனால் சைட்டேஷன் லௌரியின் பக்கத்தில்கூட வராது, ஏனென்றால் "ராமச்சந்திரன் ப்ளாட் பார்த்தோம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், 1963 பேப்பரைக் கீழே குறிப்பிடுகிறவர்கள் குறைவு. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதற்கு ஒரு பெயரே வைத்தார், அறிவுக்குள் கரைந்துபோய் மறைவது என்று பொருள் வரும். வாட்சன், கிரிக்குக்கு நடந்ததும் அதுவே. டி.என்.ஏ. என்று எழுதும்போதெல்லாம் யார் அடிக்குறிப்புப் போடுகிறார்கள்?

லௌரிக்கும் கடைசியில் அது ஆரம்பித்துவிட்டது. இப்போது ஆய்வகங்கள் புரதம் அளக்கும் கிட்டை டப்பாவாக வாங்குகின்றன. பேப்பரில் "கம்பெனி கொடுத்த செய்முறைப்படி" என்று ஒரு வரி, முடிந்தது. ஆய்வகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் டிடர்ஜென்ட், டிரிஸ், ஈ.டி.டி.ஏ. எதுவாவது கலந்திருந்தால் லௌரி முறை காலை வாரிவிடும் என்பதால் ஆராய்ச்சியில் பிராட்ஃபோர்டும் பி.சி.ஏ. என்ற இன்னொரு முறையும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. நம் பிராக்டிகல் சிலபஸில் மட்டும் அவர் பத்திரமாக இருக்கிறார். 1996-ல் காலமானார். நோபல் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் தங்கையின் விஷயம். ஸ்காலர் பக்கத்தில் மொத்த எண்ணிக்கைக்குக் கீழே எச்-இண்டெக்ஸ் என்று ஒன்று இருக்கும். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்னது: 20 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 சைட்டேஷன் வாங்கியிருந்தால் எச் 20. இதில் லௌரியின் மூன்று லட்சப் பேப்பரைப் போட்டால் எவ்வளவு ஏறும்? ஒன்று. அவ்வளவுதான். ஒரே பேப்பரால் வீங்கிய எண்ணை இது தட்டி உட்கார வைக்கும், அந்த மட்டில் நல்லது. ஆனால் வயதானால் இது தானாக ஏறும், இறங்கவே இறங்காது, ஆகவே 35 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது தவறு. துறை விட்டுத் துறை ஒப்பிடுவதும் அப்படித்தான். புற்றுநோய்க்காரர்கள் கூட்டம் பெரியது, ஒருவரை ஒருவர் சைட் செய்யவே ஆள் நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளைப் பற்றி எழுதுபவரைச் சைட் செய்ய உலகத்திலேயே சில நூறு பேர்தான் இருப்பார்கள், அதில் பாதிப் பேர் அவருக்கே நேரில் தெரிந்தவர்கள்.

ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு, பக்கத்தைத் திறந்து அதிக சைட்டேஷன் வாங்கிய முதல் ஐந்து பேப்பர்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் எங்கே இருக்கிறது? உயிரியலில் முதல் பெயர் கையால் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் இருப்பவர் கருவியை இயக்கியிருக்கலாம், மாதிரி கொடுத்திருக்கலாம், சில சமயம் துறைத் தலைவர் என்பதால் மட்டும் இருக்கலாம். 300 பேர் சேர்ந்து எழுதிய சர்வதேசப் பேப்பர் ஒன்றில் 147-வது பெயராக இருந்தால்கூட 8,000 சைட்டேஷன் அவர் கணக்கில் முழுசாக ஏறும், 300-ஆல் வகுக்க மாட்டார்கள். எனக்கே அப்படி ஒன்று இருக்கிறது. என் பேப்பர்களிலேயே அதிக சைட்டேஷன் வாங்கியதில் நான் ஏழாவது ஆள், செய்தது என்ன என்று கேட்டால், வேறொரு குழுவுக்கு இரண்டு வாரம் ஜெல் ஓட்டிக் கொடுத்தேன். நான் மூன்று வருடம் தூக்கமில்லாமல் செய்த பேப்பரை இதுவரை 31 பேர் சைட் செய்திருக்கிறார்கள், அதில் நான்கு நானே.

அடுத்தது, அந்த ஐந்தில் ரிவ்யூ எத்தனை? மற்றவர்கள் செய்ததைத் தொகுத்து எழுதும் ரிவ்யூ பேப்பருக்குச் சைட்டேஷன் அள்ளும், நல்ல ரிவ்யூ எழுத அறிவு வேண்டும் என்பதும் உண்மைதான், ஆனால் பிஎச்.டி. மாணவிக்குக் கைடிடம் தேவை வேறு. பின்னர் வருடம். கூகுள் ஸ்காலரில் வருட வாரியாகச் சின்னத் தூண்கள் இருக்கும், 2009-ல் வெளிநாட்டில் போஸ்ட்-டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி, செய்தபோது வந்த பேப்பர்தான் இன்றுவரை சாப்பாடு போடுகிறதா, இங்கே வந்து சொந்த ஆய்வகம் வைத்த பிறகும் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அவரே தன்னை எவ்வளவு சைட் செய்துகொள்கிறார் என்பதையும் கொஞ்சம் கவனிக்கலாம். தன் முந்தைய வேலையைத் தொடர்பவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அது குற்றமில்லை. ஆனால் மாணவர் பேப்பர் ஒவ்வொன்றிலும் கைடின் சம்பந்தமே இல்லாத பத்துப் பழைய பேப்பர்கள் வரிசையாக நின்றால் விஷயம் வேறு.

இன்னொன்று, நமக்கே உரிய சிக்கல். நம் பெயர்கள் இனிஷியலோடு வருபவை. எஸ். குமார், கே. ராஜேந்திரன் என்று உலகத்தில் எத்தனை பேர் பேப்பர் எழுதுகிறார்கள்! கூகுள் ஸ்காலர் ஒரே பெயர் கொண்ட பலருடைய பேப்பர்களையும் தானாக ஒரே பக்கத்தில் சேர்த்துவிடும், உரியவர் உட்கார்ந்து நீக்கினால்தான் உண்டு. சிலருக்கு நீக்க நேரம் கிடைப்பதே இல்லை. மண்புழு ஆராய்ச்சியாளர் பக்கத்தில் சிமென்ட் கான்கிரீட் பேப்பர் இருந்தால், எண்ணை மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள்.

இதெல்லாம் ஒரு மாலை வேலை. இதைவிட முக்கியமானதை எந்தப் பக்கமும் காட்டாது. அந்த ஆய்வகத்தில் பிஎச்.டி. முடித்தவர்களின் பெயர்களைக் கடந்த பத்து வருடப் பேப்பர்களில் முதல் ஆசிரியராக இருப்பவர்களிலிருந்து எடுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இடையில் போனவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள். இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். மெயிலில் எழுதிக் கேட்காதீர்கள், எழுத்தில் யாரும் தன் கைடைப் பற்றி உண்மை சொல்ல மாட்டார்கள். "அக்கா, நீங்கள் மறுபடியும் சேர வேண்டியிருந்தால் அங்கேயே சேருவீர்களா" என்று போனில் கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் மௌனம் என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்துச் சொன்னால், 14,000-ல் 11,000 இரண்டே பேப்பரிலிருந்து வருகிறது, இரண்டிலும் அவர் நடுவில் இருக்கிறார். 1,900-க்காரரின் முதல் ஐந்தில் நான்கில் அவர் கடைசிப் பெயர், நான்கிலும் முதல் பெயர் வெவ்வேறு மாணவர்கள். நான் தங்கையாக இருந்தால் இரண்டாமவரின் ஆய்வகத்துக்கு ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். போகும்போது அங்கே புரதத்தை எந்த முறையில் அளக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். இன்னமும் லௌரிதான் என்றால் கிட் வாங்கக் காசில்லை என்று அர்த்தம், ஃபெல்லோஷிப் பணம் மாதாமாதம் வருகிறதா என்று கூடவே கேட்டுவிடட்டும்.